பதினான்காம் மேசை நகரம்

மாதவியின் நகரத்தில் வெள்ளம் வராது. எவ்வளவு மழை கொட்டினாலும் ஒரு நிமிடத்துக்குள் தெருவெல்லாம் வடிந்துவிடும். அந்த நகரம் மொத்தமே ஒரு சாப்பாட்டு மேசை அளவுதான் இருந்தது என்பது வேறு விஷயம்.

மாதவிக்குப் பதினொரு வயது. கிள்ளான் துறைமுகத்தை ஒட்டிய பண்டமாரானில் வீடு. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். அவளும், அவளோடு ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஃபர்ஹானாவும் திருச்செல்வமும் சேர்ந்து ஆறு வாரமாக அந்த நகரத்தைக் கட்டினார்கள். 'நாளைய நகரம்' என்ற பெயரில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு பொறியியல் போட்டி அறிவித்திருந்தார்கள். நகரம் மின்சாரத்தை வீணாக்கக் கூடாது, தண்ணீரை வீணாக்கக் கூடாது, அதில் வாழ்பவர்களுக்கு வசதியாக இருக்க வேண்டும். அதோடு, குப்பைக்குப் போகும் பொருள்களைக் கொண்டே அதைச் செய்ய வேண்டும்.

சோயா பால் பெட்டிகள் அடுக்குமாடி வீடுகளாயின. முட்டை அட்டை ரயில் நிலையமானது. நீல நிற மிட்டாய்த் தாள்கள் கூரைகளின் மேல் சூரியத் தகடுகளாகப் படுத்துக்கொண்டன. தண்ணீர் பட்டால் ஊறிப்போகாமல் இருக்க எல்லாவற்றுக்கும் வார்னிஷ் பூசினார்கள். திருச்செல்வத்தின் தலைமுடியிலும் கொஞ்சம் பூசப்பட்டது. அதற்கு யார் காரணம் என்று இன்றுவரை தெரியவில்லை.

நகரத்தின் நடுவே நீளமாக ஓடிய கால்வாய் மட்டும் மாதவியின் சொந்த யோசனை. ஃபர்ஹானாவின் மாமா குழாய் வேலை செய்பவர். அவர் தந்த ஒரு பிளாஸ்டிக் குழாயை நெடுக்காகப் பிளந்து, சரிவாகப் பதித்தார்கள். தெருவில் விழும் மழை கால்வாயில் இறங்கி, கடைசியில் ஒரு மார்ஜரின் டப்பாவில் போய்ச் சேரும். அதுதான் நகரத்தின் குளம்.

மாதவிக்கு ஏழு வயதாக இருந்தபோது அவள் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. மெத்தை, அரிசி, அண்ணனின் பாடப் புத்தகங்கள் எல்லாம் போயின. அவளுடைய பள்ளிக் காலணிகளில் ஒன்று மட்டும் மிதந்து போய்விட்டது. மீதி ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மா ஒரு வாரம் யோசித்தார். அதனால்தான் மாதவி கால்வாயை அவ்வளவு பெரிதாக வைத்தாள்.

போட்டியில் 'மழைச் சோதனை' என்று ஒரு பகுதி உண்டு. நடுவர் பூவாளியால் இரண்டு லிட்டர் தண்ணீரை நகரத்தின் மேல் ஊற்றுவார். ஒரு நிமிடத்துக்குள் தெரு வடிய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் வடிகிறதோ அவ்வளவு அதிக மதிப்பெண். பள்ளியில் சோதித்துப் பார்த்தபோது முப்பத்தெட்டு விநாடிதான் ஆனது. திருச்செல்வம் '38' என்று வெண்பலகையில் பெரிதாக எழுதி, மூன்று நாள் யாரையும் அழிக்க விடவில்லை.

போட்டி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. சனிக்கிழமை காலையில் பரமேஸ்வரன் சார் நகரத்தைப் பள்ளி வேனில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஆசிரியர்கள் தரையில் போட்டிருந்த கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும் என்பது விதி. அவர் மாதவியிடம் ஒரு பசைப் புட்டியும் ஒரு கட்டு ஐஸ்கிரீம் குச்சிகளும் கொடுத்தார். ஏதாவது உடைந்தால் ஒட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மண்டபத்தில் இருபத்தொரு மேசைகள். இருபத்தொரு நகரங்கள். மாதவியின் குழுவுக்குப் பதினான்காம் மேசை கிடைத்தது. திருச்செல்வம் முதல் வேலையாக ஓர் அட்டையில் 'தொடாதீர்கள்' என்று தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதிவைத்தான். ஆனால் அந்த அட்டையைப் பார்க்கவே முடியாத ஒருத்திதான் முதலில் அங்கே வந்தாள்.

நடுவர்கள் சாப்பிடப் போயிருந்த நேரம். பிள்ளைகள் ஒருவர் நகரத்தை ஒருவர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையில் வெள்ளைக் கம்பு வைத்திருந்த ஒரு பெண் ஒவ்வொரு மேசையாக வந்தாள். அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் 'அனுப்பிரியா, மேசை 7' என்று இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸிலேயே உள்ள ஒரு பள்ளியின் குழு அது.

"இது பதினாலாவது மேசதானே? உங்க சிட்டியக் கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமா?" என்று அவள் கேட்டாள்.

நடுவர்கள் பார்த்து முடிக்கட்டும், அதன் பிறகு தாராளமாகத் தொடலாம் என்று திருச்செல்வம் பணிவாகத்தான் சொன்னான்.

"எல்லா மேசையிலயும் அதான் சொல்றாங்க. முடிஞ்ச அப்புறம் எல்லாரும் கழட்டிப் பெட்டியில போட்டுடுவீங்க லா," என்றாள் அனுப்பிரியா. அவள் கோபப்படவில்லை. மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு அடுத்த மேசைப் பக்கம் திரும்பினாள்.

மாதவி தன் நகரத்தைப் பார்த்தாள். ஆறு வாரம். ஒரு விரல் தவறிப் பட்டாலும் மரங்கள் கீழே விழும். பிறகு அவள் அனுப்பிரியாவைப் பார்த்தாள். இத்தனை தூரம் வந்து, இருபது நகரங்களுக்கு முன்னால் நின்றும், ஒன்றைக்கூடப் பார்க்காமல் போகப் போகிறாள்.

"கை சுத்தமா இருக்கா?" என்று மாதவி கேட்டாள்.

"நாசி லெமாக் சாப்பிட்டு ரெண்டு தடவ கழுவினேன்."

"அப்படின்னா வா."

திருச்செல்வம் கண்களை மூடிக்கொண்டான். மாதவி அனுப்பிரியாவின் கையைப் பிடித்து மெதுவாக ரயில் நிலையத்தின் மேல் வைத்தாள்.

அனுப்பிரியா மிக நிதானமாகத் தொட்டாள். முட்டை அட்டையைத் தடவிச் சிரித்தாள். அடுக்குமாடி வீடுகள் சோயா பால் பெட்டிகள்தான் என்று சொன்னாள். எந்தப் பெட்டி எந்தக் கடையில் வாங்கியது என்று மட்டும் அவளால் சொல்ல முடியவில்லை. பிறகு இரண்டு விரல்களைக் கால்களைப்போல நிறுத்தினாள்.

"நான் இப்ப ஸ்டேஷன்ல எறங்கிட்டேன். கிளினிக்குக்குப் போகணும். எங்க இருக்கு?"

"நேரா, எதிர்ப்பக்கம்," என்றாள் மாதவி.

விரல்கள் நடந்தன. தெருவைக் கடந்தன. அடுத்த அடியில் இரண்டும் சட்டென்று கால்வாய்க்குள் இறங்கின. ஓரத்தில் இருந்த ஒரு மரம் சாய்ந்து உருண்டது.

அனுப்பிரியா உடனே கையை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒட்டிவிடலாம் என்று ஃபர்ஹானா சொன்னாள்.

"லோங்காங்ல விழுந்துட்டேன்," என்றாள் அனுப்பிரியா. தெருவோர வடிகாலை அங்கே லோங்காங் என்றுதான் சொல்வார்கள். "போன வருஷம் எங்க வீட்டுப் பக்கத்துல நெஜமாவே விழுந்தேன். முட்டியில நாலு தையல்."

கால்வாய்க்கு மேல் இரண்டு பாலங்கள் இருப்பதாகத் திருச்செல்வம் விளக்கினான். பாலம் எங்கே இருக்கிறது என்று தனக்கு எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

போவதற்கு முன் அவள் இன்னொன்றும் சொன்னாள். இந்தக் கால்வாயின் சரிவு மிக நன்றாக இருக்கிறதாம். தங்கள் நகரத்தில் இவ்வளவு சரிவு இல்லை, அதனால் பதினான்காம் மேசைதான் மழைச் சோதனையில் ஜெயிக்குமாம். சொல்லிவிட்டுக் கம்பைத் தட்டிக்கொண்டே ஏழாம் மேசைக்குப் போய்விட்டாள்.

ஃபர்ஹானா மரத்தை ஒட்டினாள். திருச்செல்வம் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டான். மாதவிக்கு மட்டும் முகம் வாடிவிட்டது. நகரத்தில் அவளுக்கு மிகவும் பிடித்த இடமே அந்தக் கால்வாய்தான். அதில்தானா ஒருத்தி விழ வேண்டும்?

அப்போதுதான் அவளுக்கு அந்த வெள்ள நாள் நினைவுக்கு வந்தது. வீட்டை விட்டு வெளியே வந்தபோது எல்லா இடமும் ஒரே பழுப்பு நிறத் தண்ணீர். எது தெரு, எது வடிகால் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அவளைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு, துடைப்பக் கட்டையால் தரையைத் தட்டித் தட்டி, ஒவ்வோர் அடியாக எடுத்து வைத்தார்.

அவள் அதை மற்ற இருவரிடமும் சொன்னாள். "அன்னிக்கு எங்க அப்பாவும் அனுப்பிரியா மாதிரிதான் நடந்தாரு. தண்ணி வந்துட்டா லோங்காங் யாருக்குமே தெரியாது. நம்ப இத மூடணும்."

திருச்செல்வத்துக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நடுவர்கள் சாப்பிட்டுவிட்டு வர இன்னும் பத்து நிமிடம். அவர்கள் முதல் மேசையில் தொடங்கிப் பதினான்காம் மேசைக்கு வர எப்படியும் முக்கால் மணி நேரம் ஆகும். அதற்குள் நகரத்தின் நடுவில் கை வைப்பதா? மூடினால் தண்ணீர் எப்படி உள்ளே போகும்? முப்பத்தெட்டு விநாடி என்ன ஆவது? இப்படி அவன் அடுக்கிக்கொண்டே போனான். அவன் கேட்ட எல்லாமே சரியான கேள்விகள்தான்.

ஃபர்ஹானா இரண்டு பக்கமும் சேரவில்லை. முதலில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் மூடிப் பார்க்கலாம், சரிவரவில்லை என்றால் எடுத்துவிடலாம் என்றாள். அதற்குத் திருச்செல்வமும் தலையாட்டினான்.

சார் கொடுத்த ஐஸ்கிரீம் குச்சிகளைப் பாதியாக உடைத்து, கால்வாய்க்குக் குறுக்கே நெருக்கமாக அடுக்கினார்கள். மாதவி ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் குச்சிகளின் மேலேயே வழுக்கிக்கொண்டு ஓடி, கிளினிக்கின் வாசலில் குளமாகத் தேங்கியது.

தான் அப்போதே சொன்னதாகத் திருச்செல்வம் சொன்னான். ஆனாலும் துணியை எடுத்து வாசலைத் துடைத்தது அவன்தான்.

மாதவி குச்சிகளை உற்றுப் பார்த்தாள். இடைவெளி வேண்டும். பெரிய இடைவெளியாக இருந்தால் விரல் இறங்கும். விரல் இறங்காமல் தண்ணீர் மட்டும் இறங்க வேண்டும். மேசைக்கடியில் கிடந்த பிஸ்கட் பெட்டியை எடுத்து, அட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கினாள். இரண்டு குச்சிகளுக்கு நடுவே ஒரு துண்டை வைத்து ஒட்டினால் மெல்லிய சந்து ஒன்று கிடைத்தது. மறுபடி ஊற்றினார்கள். தண்ணீர் கொஞ்சம் தயங்கியது. பிறகு சந்துகள் வழியாகச் சொட்டி இறங்கியது.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு பேசுவதற்கு நேரம் இல்லை. ஃபர்ஹானா குச்சி உடைத்தாள். மாதவி அட்டை வைத்து ஒட்டினாள். திருச்செல்வம் ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பசை காயும் வரை யாரும் தும்மக் கூடாது என்று கட்டளை போட்டான். நடுவர்கள் பத்தாம் மேசைக்கு வந்தபோது கால்வாய் முழுவதும் மூடியாகிவிட்டது. கால்வாயாக இருந்தது இப்போது மேலே நடக்கக்கூடிய ஒரு நீண்ட நடைபாதை.

கடைசியாக ஒரு தடவை சோதித்துப் பார்த்தார்கள். ஃபர்ஹானா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பத்தி மூணு," என்றாள்.

பதினைந்து விநாடி அதிகம். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது என்றாலும் மதிப்பெண் குறையும். குச்சிகளைப் பிய்த்து எடுக்க இன்னும் நேரம் இருந்தது. மாதவி திருச்செல்வத்தைப் பார்த்தாள்.

அவன் இரண்டு விரல்களை ரயில் நிலையத்தில் நிறுத்தினான். கண்களை மூடிக்கொண்டான். விரல்கள் தெருவைக் கடந்து, குச்சிகளின் மேல் நடந்து, கிளினிக்கின் கதவில் போய் இடித்து நின்றன.

"இருக்கட்டும்," என்றான்.

நடுவர்களில் முக்கியமானவர் புவான் சுராயா என்ற வடிகால் பொறியாளர். உயரமாக, அதிகம் பேசாதவராக இருந்தார். அவர் பூவாளியைத் தூக்கி ஊற்றத் தொடங்கியதும் மாதவி ஃபர்ஹானாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சூரியத் தகடுகளின் மேல் மழை பெய்தது. மரங்கள் நனைந்தன. தெருவில் தண்ணீர் கூடி, நடைபாதையின் சந்துகளில் இறங்கிக்கொண்டே இருந்தது. நாற்பது விநாடி. ஐம்பது. கிளினிக்கின் வாசலில் மட்டும் ஒரு சிறு தேக்கம் போகமாட்டேன் என்று நின்றது. ஐம்பத்தேழாவது விநாடியில் அதுவும் ஒரு சந்தைக் கண்டுபிடித்து இறங்கிவிட்டது.

புவான் சுராயா குனிந்து குச்சிகளைப் பார்த்தார். கால்வாயைத் திறந்து விட்டிருந்தால் இன்னும் வேகமாக வடிந்திருக்குமே, ஏன் மூடினீர்கள் என்று மலாயில் கேட்டார். மாதவி தனக்குத் தெரிந்த மலாயில் வெள்ள நாளைப் பற்றிச் சொன்னாள். அப்பா தட்டித் தட்டி நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, இந்த யோசனை யாருக்கு வந்தது என்று கேட்டார்.

திருச்செல்வம் மாதவியைப் பார்த்தான். மூன்று பேருக்கும் வந்தது என்று சொல்லியிருக்கலாம். அது முழுப் பொய்யும் இல்லை.

மூடியது தாங்கள்தான், ஆனால் தப்பைக் கண்டுபிடித்தது ஏழாம் மேசை அனுப்பிரியா என்று மாதவி சொன்னாள். புவான் சுராயா தன் தாளில் எதையோ எழுதிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.

"எதுக்கு லா அவங்க பேரச் சொன்ன? மார்க் அவங்களுக்குப் போயிடும்," என்று திருச்செல்வம் முணுமுணுத்தான்.

"அவ கை பட்டுத்தானே தெரிஞ்சுது," என்றாள் மாதவி.

நாலு மணிக்கு முடிவுகளை அறிவித்தார்கள். முதல் பரிசு சுங்கைவேயிலிருந்து வந்த ஒரு பள்ளிக்கு. அவர்கள் நகரம் இருபத்திரண்டு விநாடியில் வடிந்திருந்தது. இரண்டாவது, அனுப்பிரியாவின் குழு. திருச்செல்வம் தன் காலணியைப் பார்க்கத் தொடங்கினான்.

மூன்றாவது, மேசை பதினான்கு.

முதல் மூன்று குழுக்களும் அடுத்த மாதம் புத்ராஜெயாவில் நடக்கும் இறுதிப் போட்டிக்குப் போகலாம். கோட்டுக்கு அந்தப் பக்கம் பரமேஸ்வரன் சார் எழுந்து நின்று, பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கை தட்டினார். மழைச் சோதனையில் பதினான்காம் மேசைக்கு மதிப்பெண் குறைவுதான் என்றும், 'வாழ்பவர்களுக்கு வசதி' என்ற பகுதியில் எல்லாரையும்விட அதிகம் என்றும் பிறகு மதிப்பெண் தாளைப் பார்த்தபோது தெரிந்தது.

அனுப்பிரியா கம்பைத் தட்டிக்கொண்டு அவர்களைத் தேடி வந்தாள். மாதவி அவள் கையைப் பிடித்து நடைபாதையின் மேல் வைத்தாள். அவள் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலை ஓட்டிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க. ஆனா புத்ராஜெயால உங்கள ஜெயிக்க விடமாட்டோம்," என்றாள்.

"பாக்கலாம் லா," என்றாள் மாதவி.

பள்ளி வேன் நகரத்தை ஏற்றிக்கொண்டு முன்னால் போய்விட்டது. பிள்ளைகளைக் கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குக் கூட்டிப்போவதாகச் சார் சொல்லியிருந்தார். ரயில் நிலையத்துக்கு எந்த வழியாகப் போவது என்று அவர் கைப்பேசியை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அனுப்பிரியாவின் வீடு அதே வழியில்தான் இருந்தது. அவளைக் கூட்டிப்போக வந்திருந்த அம்மாவும் சாரும் பேசிக்கொண்டே பின்னால் வர, அனுப்பிரியா முன்னால் நடந்தாள்.

நடைபாதையின் நடுவே, கண் தெரியாதவர்கள் தடம் பிடித்து நடப்பதற்காக, புடைப்புப் புடைப்பாக மஞ்சள் கற்கள் பதித்திருந்தார்கள். அனுப்பிரியாவின் கம்பு அவற்றின் மேல் தடதடவென்று ஓடியது. எந்தக் கடை வருகிறது, எந்த முனையில் திரும்ப வேண்டும் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். பண்டமாரான் பிள்ளைகள் மூவரும் அவளுக்கு ஈடுகொடுக்க வேகமாக நடக்க வேண்டியிருந்தது.

ஒரு சாப்பாட்டுக் கடையின் முன்னால் மஞ்சள் கற்களுக்கு நேர் குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அனுப்பிரியாவின் கம்பு அதன் சக்கரத்தில் முட்டியது. அவள் நின்றாள். இது தினமும் நடப்பதுதான் என்றும், சுற்றிக்கொண்டு போகலாம் என்றும் சொன்னாள்.

மாதவி கடைக்குள் எட்டிப் பார்ப்பதற்குள் திருச்செல்வம் உள்ளே போய்விட்டான். தேநீர் குடித்துக்கொண்டிருந்த ஒருவரிடம், "அங்கிள், மோட்டாரக் கொஞ்சம் தள்ளி வைக்கிறீங்களா? ஆளுங்க நடக்குற எடம்," என்று கேட்பது வெளியே கேட்டது. அந்த மனிதர் எட்டிப் பார்த்தார், அனுப்பிரியாவைப் பார்த்தார், டம்ளரை வைத்துவிட்டு அவசரமாக எழுந்து வந்தார்.

கம்பு மறுபடி தடதடவென்று ஓடத் தொடங்கியது. நாலு கடை தள்ளி இன்னொரு மோட்டார் நிற்பதை மாதவி பார்த்தாள். அவள் வாய் திறக்கும் முன்பே திருச்செல்வம் தன் பையை அவளிடம் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் முன்னால் நடந்துகொண்டிருந்தான்.